பொத்தான் மாதிரி ஒரு பெட்டி

அத்தியாயம் பதினேழு

பலத்த காற்று வீசினால் கிரேன் ஓட்டக் கூடாது என்பது விதி. அன்று காலை ஏழு மணிக்கே காற்று ஜன்னல் கம்பிகளில் விசில் அடித்துக்கொண்டிருந்ததால் கிரேன்காரர் வீட்டில் இருந்தார். இருபத்திரண்டு மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து, இருபது வருஷமாகக் கீழே இருப்பவர்களிடம் கத்தியே பேசிப் பழகியவர். மனிதர் தரைக்கு இறங்கினாலும் தொண்டை இறங்குவதில்லை. ஒரு தடவை அவர் தன் மனைவியைப் பார்த்து, "சாப்பிடலாமா?" என்று கேட்டதில் எதிர்க் கட்டடத்தில் மூன்று பேர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மூன்று பேர் இல்லை, இரண்டு பேர்தான் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரையே போன வாரம் அவர் மனைவி பெரியவள் வாயடைக்க வைத்தாள். சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவிட்டு, "அவசர உதவி அழைப்பு மையத்துல வேலைக்குப் போடலாம்னு இருக்கேன்" என்றாள். அவள் தம்பி சின்னவனுக்குத் தண்ணீர் புரையேறியது. கிரேன்காரர், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மெல்லிய குரலில், "கண்ணு தெரியாம எப்படிம்மா?" என்றார்.

"போன் எடுக்கறதுக்குக் காது போதும்."

பதினோரு வருஷம் ஆம்புலன்ஸில் நர்ஸாக ஓடியவள் அவள். நான்கு வருஷத்துக்கு முன் கண் நரம்பு கெட்டது. முதலில் பார்வையின் ஓரங்கள் போயின. பிறகு நடுவும் போயிற்று. அதன் பிறகு வீட்டில் எல்லோருக்கும் அவள்மீது பாசம் முற்றிவிட்டது. கதவைத் திறக்க ஓர் ஆள், செருப்பை எடுத்து வைக்க இரண்டு பேர். அவள் நாற்காலியை விட்டு எழுந்தால் வீடே எழுந்தது. நான்கு வருஷமாக ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட முழுசாகத் தானே எடுத்துக் குடித்ததாக அவளுக்கு நினைவில்லை.

அழைப்பு மையம் பார்வை இல்லாதவர்களுக்கென்று இரண்டு இடங்கள் ஒதுக்கியிருந்தது. மருத்துவச் சான்றிதழ் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. அஞ்சலில் அனுப்ப முடியாது, நேரில் கொடுக்க முடியாது. இணையப் பக்கம் ஒன்றே வழி.

காலை எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். திரையில் இருப்பதை அவளுக்குப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று அதில் உண்டு. அதற்கு அந்த வீட்டில் சம்பந்தியம்மா என்று பெயர். பிறர் சொல்வதைக் கேட்க மாட்டாள், தான் சொல்வதை நிறுத்த மாட்டாள் என்பதால் வந்த பெயர். ஆனால் ஒன்று, சம்பந்தியம்மா பொய் சொல்ல மாட்டாள். பக்கத்தில் தலைப்பு இருந்தால் தலைப்பு என்பாள், பட்டியல் இருந்தால் பட்டியல் என்பாள், அமுக்கும் பொத்தான் இருந்தால் பொத்தான் என்பாள். கண் இல்லாதவர்கள் இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு பக்கத்துக்குள் நடமாடுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் சம்பந்தியம்மா வந்த வேகத்தில், "தலைப்பு எதுவும் இல்லை" என்றாள்.

எது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவில் அச்சான செய்தித்தாளை மூக்கை ஒட்டி வைத்துப் படிப்பது போலிருந்தது. ஆனாலும் பெரியவள் விடவில்லை. ஒரு விசையை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தாள். பெயர், வயது, படிப்பு, முன் அனுபவம். இருபத்தெட்டுக் கட்டங்கள். பத்தரை மணிக்குக் கடைசிக் கட்டத்தை முடித்து அடுத்த அமுக்கு அமுக்கினால், பக்கத்தின் உச்சிக்கே தூக்கி எறியப்பட்டாள்.

மறுபடி கீழே வந்தாள். வரிவரியாக இறங்கிக் கேட்டாள்.

"இந்த விண்ணப்பத்தைப் பிறர் உதவியின்றி நானே நிரப்பி அனுப்புகிறேன்" என்றாள் சம்பந்தியம்மா. அடுத்த வரி, "உறுதிசெய்து அனுப்பு."

அவ்வளவுதான். பொத்தான் என்று சொல்லவில்லை. சம்பந்தியம்மாவைப் பொறுத்தவரை அது பத்தோடு பதினொன்றாக ஒரு சொல். பெரியவள் அதன்மேல் நின்று என்டர் தட்டினாள். அசையவில்லை. ஸ்பேஸ் எனும் நீளவிசையைத் தட்டினாள். பக்கம் முழுவதும் வழுக்கிக்கொண்டு எங்கோ போயிற்று.

பதினோராவது தடவையும் அப்படியே ஆனபோது கணவரைக் கூப்பிட்டாள்.

"இங்க அனுப்பறதுக்குப் பட்டன் இருக்கா, பாருங்க."

"இதோ இருக்கே! நீலமா, முனையெல்லாம் வழவழன்னு, புதுச் சோப்புக்கட்டி மாதிரி! அமுக்கிடவா?"

"கையை எடுங்க."

"ஒரு அமுக்குதானேம்மா! எவன் வந்து பார்க்கப்போறான்?"

"அதுக்கு மேல என்ன எழுதியிருக்கு? படிங்க."

படித்தார். பிறர் உதவியின்றி என்ற இடத்தில் அவர் குரல் தானாகவே ஒரு மாடி இறங்கியது.

"நாளைக்கு ஒருத்தர் போன் பண்ணி, எங்கப்பா மூச்சு விடலங்கன்னு அழுவாங்க. நெஞ்சுல இங்க கைய வச்சு அமுக்குன்னு நான் சொல்லணும். நான் சொல்றத அவங்க அப்படியே நம்பணும். அந்த நாற்காலிக்கு நான் பொய் சொல்லிட்டுப் போகவா?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் திரும்பி வந்து அவளையே சுட்டது. பொய்.

ஏனென்றால், "தலைப்பு எதுவும் இல்லை" என்பதை இதே பக்கத்தில் அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். போன வருஷம். இதே மேசையில். பக்கத்தில் சின்னவன் உட்கார்ந்திருந்தான்.

மதியம் ஒன்றரைக்குச் சின்னவன் வந்தான். அவன் அலுவலகம் பதினைந்து நிமிஷ நடை. இணையப் பக்கங்கள் கட்டித் தரும் சிறிய நிறுவனம் அது. அழைப்பு மையத்துக்கு இந்தப் பக்கத்தைக் கட்டியவன் அவனேதான்.

"என்னக்கா, இதுக்கா கூப்பிட்ட? நகரு" என்று மௌஸை எடுத்தான்.

பெரியவள் அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள். "மௌஸ் வேண்டாம். திரையை மூடு. எப்படி அனுப்பறதுன்னு காதால கேட்டுச் சொல்லு."

"விளையாடாத. நேரமாச்சு."

"நான் விளையாடல."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை உட்கார வைத்தது. மடிக்கணினியின் மூடியைப் பாதி இறக்கினான். சம்பந்தியம்மா ஆரம்பித்தாள். கிரேன்காரர் கதவோரம் நின்று, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. சின்னவனின் விரல் விசைகளைத் தட்டும் சத்தம் முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"பொத்தானே இல்லையே" என்றான்.

"இருக்குன்னு உங்க மாமா சொல்றாரு. சோப்புக்கட்டி மாதிரி இருக்காம்."

"அது வந்து... அது பொத்தான் இல்லக்கா. பெட்டி. எதை வேணும்னாலும் உள்ள வைக்கலாம், அந்த மாதிரி வெறும் பெட்டி. நான்தான் அதுக்குக் கலர் கொடுத்து, நிழல் கொடுத்து, பொத்தான் மாதிரி பண்ணியிருக்கேன். மௌஸ் பட்டா நிறம்கூட மாறும்."

"யாருக்கு மாறும்?"

"புரோகிராமுக்குள்ள 'பட்டன்'னு பேர்கூட வச்சிருக்கேன்" என்றான்.

"அந்தப் பேரை யாரு படிப்பா?"

"நான்."

"வேற?"

"...நான்தான்."

"ஏட்டுச் சுரைக்காயா, மாப்ள?" என்றார் கிரேன்காரர், தன்னால் இயன்ற அளவு அன்பாக. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"நிஜப் பொத்தானுக்கு என்ன கேடு? ஏன் போடல?" என்றாள் பெரியவள்.

"அதுக்குன்னு ஒரு முகம் இருக்கும்கா. நம்ம இஷ்டத்துக்கு மாத்தறது கொஞ்சம் மெனக்கெட்ட வேலை. பெட்டின்னா சுலபம். தலைப்பு, பட்டியல், டிக் போடற இடம், எல்லாமே பெட்டிதான். முந்நூத்திப் பத்து பெட்டி இருக்கு இந்தப் பக்கத்துல." சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிமிர்ந்தான். "ஆனா போன வருஷம் உன்கிட்டதானே காட்டினேன்? இதே பக்கத்தை நீ முழுசாக் கேட்டுட்டு, பிரமாதம்டான்னு சொன்னியே?"

காற்று ஜன்னலை ஒரு தடவை உலுக்கிவிட்டுப் போயிற்று.

"அன்னிக்கு மௌஸ் யார் கையில இருந்துச்சு?" என்றாள் பெரியவள்.

"என் கையில. நீ கேளு, நான் அமுக்கறேன்னு..." அவன் நிறுத்தினான்.

"நீ அமுக்கின. அடுத்த பக்கம் வந்துச்சு. நானா அமுக்கியிருந்தா வந்திருக்காதுன்னு எனக்குத் தெரியும். தலைப்பு இல்லைங்கறதும் காதுல விழுந்துச்சு. அப்புறம் யாராவது சரிபண்ணியிருப்பாங்கன்னு இன்னிக்குக் காலையில வரைக்கும் நெனச்சேன்."

"தெரிஞ்சா சொன்ன, நல்லா இருக்குன்னு?"

"ரெண்டு வருஷம் வேலை இல்லாம இருந்துட்டு, நீ முதல் முதலா கட்டின பக்கம்டா அது. எங்கிட்ட காட்டும்போது உன் மூச்சே மாறிடுச்சு. அந்த நேரத்துல, இது உதவாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"பாவம்னு விட்டுட்டியா?"

"ஆமா."

சின்னவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "யாராவது உன்னைப் பாவம்னு சொன்னா நீ எப்படிக் குதிப்ப? தண்ணி எடுத்துக் கொடுத்தாகூட முறைக்கற. என்னை மட்டும் பாவம்னு சொல்லலாமா? நான் அதை மையத்துக்குக் கொடுத்த சோதனை அறிக்கையில எழுதிட்டேன்கா. பார்வையற்ற ஒருவர் சோதித்தார், குறை ஏதுமில்லைன்னு. உன் பேரைப் போட்டு. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மையத்துல பக்கத்தை ஏத்துக்கிட்டாங்க."

பெரியவளுக்கு இது புதுச் செய்தி. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தங்களுக்குள் ஒரு மத்தியான வேளையில் சொன்ன பொய் கதவைத் தாண்டிப் போய், கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு கோப்பில் உட்கார்ந்திருக்கிறது.

"என்னைத் திட்டறதுக்கு நாளைக்கு நேரம் இருக்கு. இப்ப இதைச் சரிபண்ண முடியுமா?" என்றாள்.

சின்னவன் தன் பையிலிருந்து கணினியை எடுத்தான். தன் மேலாளரை அழைத்தான். கடைசிப் பொத்தானில் ஒரு கோளாறு, உடனே மாற்ற வேண்டும் என்றான். மறுமுனையில் ஒரு பெண் குரல், "கடைசி நாள்ல யாராவது பக்கத்துல கை வைப்பாங்களா?" என்றது.

"வச்சே ஆகணும் மேடம்."

"ஏதாவது உடைஞ்சா உன் தலைதான் போகும்."

"சரி மேடம்."

பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிஜப் பொத்தானை வைத்தான். டிக் போடும் இடத்தையும் மாற்றினான். தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தலைப்பு என்றே எழுதினான். மௌஸை எடுத்துக் கிரேன்காரரிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் வச்சிருங்க மாமா" என்றான். பிறகு பெரியவளின் மடிக்கணினி மூடியைப் பாதி இறக்கிவிட்டு, காதால் மட்டுமே ஒரு தடவை, இன்னொரு தடவை, மூன்றாவது தடவை பக்கத்தின் தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்தான். மூன்றே முக்கால் ஆயிற்று.

"இப்பக் கேளுக்கா."

பெரியவள் ஒரே விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவினாள். காலையில் இரண்டரை மணி நேரம் தவழ்ந்த தூரம் அரை நிமிஷத்தில் போயிற்று. இறுதியில் சம்பந்தியம்மா, "உறுதிசெய்து அனுப்பு, பொத்தான்" என்றாள்.

கிரேன்காரர் திரையை உற்றுப் பார்த்தார். "காலையில பார்த்த அதே நீலம்தானே? ஒண்ணுமே மாறலையே!"

"மாறிடுச்சுங்க" என்றாள் பெரியவள்.

விரலை விசைமேல் வைத்தவள், சின்னவன் மூச்சுவிடும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். அவன் தன் கணினியில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. நீ அனுப்பு."

"என்னன்னு கேட்டேன்."

"பாதியில நின்ன விண்ணப்பமெல்லாம் தானா சேமிப்புல விழும். அதைப் பார்த்தேன்." அவன் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். "பார்வை இல்லைன்னு குறிச்சவங்க முப்பத்தொரு பேர், உன்னைச் சேர்க்காம, இருபத்தெட்டுக் கட்டத்தையும் நிரப்பிட்டு அப்படியே நிக்கறாங்க. அனுப்பினது நாலே பேர். யாரோ பக்கத்துல இருந்து அமுக்கிக் கொடுத்திருக்கணும். இதுல ஒருத்தர் நேத்து மட்டும் பதினேழு தடவை வந்து போயிருக்காரு."

பதினோரு தடவை அமுக்கியதற்கே காலையில் அவள் அலுத்துப்போய்க் கணவரைக் கூப்பிட்டாள். பதினேழாவது தடவை அமுக்கியவர் என்ன நினைத்திருப்பார்? தன்மேல்தான் தப்பு என்று நினைத்திருப்பார். தனக்குத்தான் தெரியவில்லை என்று கணினியை மூடியிருப்பார்.

"இப்பப் பொத்தான் வந்துடுச்சே. அவங்க அனுப்பலாமே?" என்றார் கிரேன்காரர்.

"வந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும் மாமா? ஒரு மணி நேரம்தான் இருக்கு. சொல்லி அனுப்பறது, தேதியைத் தள்ளி வைக்கறது ரெண்டும் மையத்தாலதான் முடியும்."

"அப்ப மையத்துக்குச் சொல்லு" என்றாள் பெரியவள்.

"சொன்னா, ஏன்னு கேப்பாங்க. அறிக்கையை எடுப்பாங்க. சோதிச்சவர்னு உன் பேர் இருக்கு. விண்ணப்பத்துலயும் உன் பேர் இருக்கு. முதல்ல உன்னோடதைத்தான் வெட்டுவாங்க. அடுத்தது என்னை." அவன் குரல் தாழ்ந்தது. "நாலு பேரோட நீ அஞ்சாவது ஆளு. ரெண்டு இடம். பதினோரு வருஷ அனுபவம் அவங்க யாருக்கும் இல்லக்கா, நான் பார்த்துட்டேன். பேசாம அனுப்பு. உனக்குக் கிடைச்சுடும்."

"அந்த முப்பத்தொரு பேரும் வந்தா?"

"தெரியாது."

கிரேன்காரர் கையிலிருந்த மௌஸை மேசைமேல் வைத்தார்.

பெரியவள் விசையை அமுக்கினாள்.

"விண்ணப்பம் பெறப்பட்டது" என்றாள் சம்பந்தியம்மா. பிறகு ஆறு இலக்க எண் ஒன்றைச் சொன்னாள். பெரியவள் அதை இரண்டு தடவை கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

சின்னவன் நீளமாக மூச்சு விட்டான். "அப்பாடா."

"எதுக்கு அப்பாடா? நான் ஒண்ணும் தியாகி இல்லடா. என் பங்குக்கு நானும் வரிசையில நின்னுட்டேன், அவ்வளவுதான்" என்றபடி அவள் போனைக் கையில் எடுத்தாள். "மையத்து நம்பர் பக்கத்தோட கடைசியில இருக்கு. இப்பதான் அதுக்கும் ஒரு தலைப்பு வச்சுட்டியே, நானே தேடிக்கறேன்."

யாரும் எழுந்து உதவவில்லை. எழ வேண்டும் போலத்தான் இருந்தது இரண்டு பேருக்கும்.

ஆள் சேர்ப்பு அதிகாரி ஒரு பெண். நாள் முழுவதும் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலித்த குரல். பெரியவள் நர்ஸாக இருந்தபோது மருத்துவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்வது போலச் சொன்னாள். பொத்தான் இல்லாத பக்கம், நிற்கும் முப்பத்தொரு பேர், ஐந்து மணி. ஒரு சொல் கூட்டவில்லை.

"இந்தப் பக்கம் சோதிச்சுத்தானே வந்துச்சு? அறிக்கை இங்க இருக்கே" என்றது குரல், விழித்துக்கொண்டு. காகிதம் புரளும் சத்தம். "பார்வையற்ற ஒருத்தங்க சோதிச்சதா இருக்கு."

"அது நான்தான் மேடம். பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் காகிதச் சத்தம் நின்றது.

"ஏன்?"

சின்னவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரியும். பார்ப்பதற்கும் ஒரு சத்தம் உண்டு.

"பக்கத்துல உட்கார்ந்திருந்தவனை மட்டும் நெனச்சேன். தூரத்துல இருக்கறவங்களை நெனக்கல."

"நீங்களும் இந்த வேலைக்குப் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். நம்பர் சொல்றேன், குறிச்சுக்குங்க. வெட்டறதா இருந்தா நீங்க தேட வேண்டாம்." ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னாள். "என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஆனா முதல்ல அவங்களுக்குச் செய்தி அனுப்புங்க மேடம். இப்ப நாலு மணி எட்டு நிமிஷம்."

எழுதும் சத்தம் கேட்டது. பேனாவைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டது.

"வைக்காதீங்க" என்றாள் அந்த அதிகாரி. "இயக்குநர் உள்ளதான் இருக்கார். லைன்லயே இருங்க."

எங்கோ ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்புச் சத்தம் தூரப் போயிற்று. ஒரு கதவு திறந்தது, மூடிற்று.

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, காத்திருந்தாள்.